வரவேற்புத் தோரணம்

ஜூன் 2, திங்கள்

நடக்கப்போவது அத்தனையும் எனக்கு முன்பே தெரியும். இந்த வீட்டில் ஒருநாள் முன்பின் அறியாத ஆட்கள் வந்து பாய் விரிப்பார்கள் என்று அக்கா இருக்கும்போதே சொன்னேன். அக்கா சிரித்தாள். அவள் போன பிறகு மறுபடியும் சொன்னேன். கேட்க ஆளில்லாததால் அடுக்களைச் சுவரிடம் சொன்னேன். சுவர் மறுக்கவில்லை. இன்று காலை அக்கா மகள் குழல்மொழி ஹைதராபாத்திலிருந்து போன் போட்டு அதையேதான் சொன்னாள்.

"மாமா, இந்த சீசனுக்கு வீட்ட ஹோம் ஸ்டேயா விடலாம்னு இருக்கோம். ஆப்புல போட்டாச்சு."

"நெனச்சேன்" என்றேன்.

"ஆடி முடியுற வரைக்கும் பாப்போம். வந்து தங்குறவங்க நல்லா இருக்குன்னு எழுதுனா வீட்ட வச்சுக்கிடலாம். இல்லன்னா வித்துரலாம் மாமா. சும்மா பூட்டிப்போட்டு என்ன செய்ய?"

"பூட்டல தாயி. உள்ள நான் இருக்கேன்லா."

அதைக் கேட்டதும், "வித்தா நீங்க எங்ககூட வந்துருங்க" என்றாள். அவள் இருப்பது பதினான்காவது மாடி. அங்கிருந்து பார்த்தால் ஆட்கள் எறும்புபோலத் தெரிவார்களாம். நான் எறும்போடு பேசிப் பழகியவன் இல்லை.

பிற்காலத்தில் யாராவது இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்: என் பெயர் திருமலைக்கொழுந்து. ஊர் இலஞ்சி, குற்றாலத்துக்குப் பக்கம். எட்டாம் வகுப்பை மூன்று தரம் படித்தவன். ஒரே தரம் படித்தவனுக்கு அதில் என்ன விளங்கியிருக்கும்? மருத்துவத் துறையில் நெடுங்காலம் இருந்தேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது மருத்துவம் இல்லை என்று சொல்பவன் என் கையில் ஒருமுறை தோளைக் கொடுத்துப் பார்க்கட்டும். கல்யாணம் செய்யவில்லை. ஏழு ஊர்ப் பெண்கள் எனக்காகக் காத்திருந்ததில் யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். அத்தான் காலமானதும் அக்கா செண்பகத்துக்குத் துணையாக இந்த வீட்டுக்கு வந்தேன். போன மாசியில் அக்கா போனாள். நான் இருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

குழலி போனில் படங்கள் அனுப்பியிருக்கிறாள். பழைய சாமானை வைத்து வீட்டை அலங்கரிப்பதாம். வெளிநாட்டு வீடு ஒன்றில் டயருக்குள் செடி வைத்திருக்கிறார்கள். ஏணியைச் சுவரில் சாய்த்துத் துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் ஏணியில் துண்டு காயப்போட்டால் அக்கா என்னைத்தான் காயப்போட்டிருப்பாள்.

"எதையும் வெல குடுத்து வாங்காதீங்க மாமா. கையால செஞ்சதுன்னா வாறவங்களுக்குப் பிடிக்கும்."

கை என்று வந்துவிட்டால் கொழுந்துக்கு ஈடு உண்டா? இன்றே தொடங்கிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

தேங்காய்ச் சிரட்டைகளை வழவழவென்று தேய்த்து, ஆணியைச் சுடவைத்து ஓட்டை போட்டு, உள்ளே சின்ன பல்பு மாட்டினேன். இரவில் போட்டால் கூரையெல்லாம் நட்சத்திரம். வானத்தில் இருப்பதைவிட இரண்டு கூடுதலாகவே இருக்கும். வளைந்த கரண்டிகளை இன்னும் வளைத்துச் சட்டை மாட்டும் கொக்கியாக்கினேன். அக்கா சேர்த்துவைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பூச்சரம் செய்தேன். இதழுக்கு இதழ் யாரோ ஒருவரின் பெயர் பாதி தெரிகிறது. அது தனி அழகு.

முக்குக்கடை சொர்ணவேல் அண்ணாச்சியிடம் சோடா மூடி கேட்கப் போனேன். "எதுக்கு?" என்றார். இந்த வீடு போகிற போக்கில் வெளிநாட்டுத் தூதர்கள் தங்கும் இடமாகும் என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் ஒரு சாக்கு மூடியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அவ்வளவு மரியாதை.

கால்மிதி வேண்டுமே என்று அக்காவின் சுங்குடிச் சேலைகளில் நைந்தவற்றைக் கிழித்துப் பின்னினேன். நன்றாக வந்தது. நான் செய்ததில் அதுதான் சிறப்பு. வாசலில் போட்டேன். பிறகு எடுத்து உதறி, கூடத்துச் சுவரில் மாட்டினேன். வெளிநாட்டில் அப்படித்தான் மாட்டுகிறார்கள்.

ஜூன் 14, சனி

முதல் விருந்தினர்! விருதுநகர்க் குடும்பம், இரண்டு பிள்ளைகள். இப்படிப்பட்ட வீட்டை அவர்கள் பிறவியில் பார்த்திருக்க மாட்டார்கள். வாயடைத்து நின்றார்கள். சிரட்டை விளக்கின் வரலாறு, அருவியின் வரலாறு, என் வரலாறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த மனிதர் "சரிங்க, சரிங்க" என்று உருகினார். அவர் மனைவி, "குளிக்கப் போகணும்ங்க, பிள்ளைக நிக்கி" என்றாள். வழியில் சொல்லலாம் என்று நானும் தெருமுனைவரை கூடவே போனேன்.

ஜூன் 16, திங்கள்

அவர்கள் எழுதியதைக் குழலி போனில் வாசித்துக் காட்டினாள். "வீடு சுத்தம். அலங்காரம் அருமை. பார்த்துக்கொள்ளும் பெரியவர் மிக அதிகமாகப் பேசுகிறார்." மூன்று ஸ்டார்.

"மாமா, கொஞ்சம் கம்மியாப் பேசுங்களேன். இல்லன்னா அவங்க இருக்கும்போது பின்னாடி ரூமுலயே இருந்துக்கிடுங்க. சாவிய அந்தப் பூந்தொட்டியில வச்சிட்டா அவங்களே எடுத்துக்கிடுவாங்க."

இப்படி எழுதுவார்கள் என்று அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கணித்தேன். விருதுநகர்த் தண்ணி அப்படி.

ஜூன் 22, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். நான் பேசினால்தானே குற்றம்? பொருள்கள் பேசட்டும். பத்திரிகை அட்டைகளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றின் கதையையும் எழுதி நூலில் தொங்கவிட்டேன். சிரட்டை விளக்கில்: "இதன் தேங்காய் ஒரு மந்திரியின் தலையில் விழ இருந்தது. மரியாதை கருதித் தானே விலகி விழுந்தது." கரண்டிக் கொக்கியில்: "இந்தக் கரண்டியால் பாயசம் பரிமாறப்பட்ட எல்லாக் கல்யாணத்திலும் முதல் குழந்தை இரட்டை." கண்ணாடியில்: "இதில் முகம் பார்ப்பவர் வீட்டுக்குப் போனதும் சம்பளம் உயரும்."

சுவரில் மாட்டிய சுங்குடிப் பின்னலுக்கு ஒரு கதையும் தோன்றவில்லை. எனக்கு! "இது கால்மிதி அல்ல" என்று மட்டும் எழுதினேன்.

ஜூன் 28, சனி

சென்னையிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி. சாவியைப் பூந்தொட்டியில் வைத்துவிட்டுப் பின்அறையில் இருந்தேன். அட்டைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்து அந்தப் பெண் சிரித்தது அங்கே வரை கேட்டது.

"ஏய், இத பாரேன், மந்திரி தேங்கா!"

"யாருடி இத எழுதிருப்பாங்க? செம ஆளா இருப்பாங்க போல."

எழுந்து கதவுவரை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். பிறகு குழலி சொன்னது நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். தும்மல் வந்தது, தலையணையில் தும்மினேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஐந்து ஸ்டார்! குழலிக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் எழுதியது: "கதை அட்டைகளைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இன்னொரு சிறப்பு, வீட்டில் ஆள் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு தனிமை."

"பாத்தீங்களா மாமா? இப்படியே இருங்க. இப்படியே போனா வீட்ட விக்கவே வேண்டாம்."

பெரிய வெற்றி. இனிப்பு வாங்கிச் சாப்பிட்டேன். எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நிறைய வாங்கியிருந்தேன். நானே சாப்பிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

சாரல் நின்றுவிட்டது. மலைமேல் மேகமே இல்லை. அருவி சுவரில் வடியும் எண்ணெய்போல ஒழுகுகிறது. மூன்று புக்கிங் ரத்து.

ஜூலை 9, புதன்

விருந்தினர் இல்லை. அட்டைகளைத் துடைத்தேன்.

ஜூலை 12, சனி

விருந்தினர் இல்லை.

எதிரே வந்த பரமார்த்தலிங்கம், முன்னாள் பஸ் கண்டக்டர், நல்ல மனிதர், என்னைக் கண்டதும் ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்து சந்துக்குள் திரும்பிவிட்டார். ரிட்டயரான பிறகும் பாவம், என்ன ஓட்டமோ.

அக்கா இருந்தபோது இந்த வீட்டுக் கூடத்தில் ஆள் குறையாது. எதிர்வீட்டு வேலம்மை மைனி முறுக்கு மாவோடு வந்து இங்கேதான் பிழிவாள். அவர்களெல்லாம் என் பேச்சைக் கேட்கத்தான் வந்தார்கள் என்பது என் கணிப்பு. இப்போது எல்லோருக்கும் வேலை கூடிவிட்டது.

ஜூலை 16, புதன்

இன்று பேசியவர்: ஒருவருமில்லை. நான் பேசியது: நிறைய.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருவில் எல்லா வீட்டிலும் கூழ் காய்ச்சிய வாசனை. மைனி வீட்டுக் கதவு திறந்தது. கையில் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள். என் வாசலைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். திரும்பி உள்ளே போய்விட்டாள். சூடு ஆறட்டும் என்று இருந்திருப்பாள்.

ஜூலை 19, சனி

தேங்காய் வெட்ட வந்தவன் குருத்தோலையோடு ஒரு மட்டையையும் சேர்த்து வெட்டித் தள்ளிவிட்டுப் போனான். விழுந்ததை வீணாக்குவது என் கொள்கையில் இல்லை. ஓலையைக் கிழித்துக் குருவி மடித்து, வரவேற்புத் தோரணம் ஒன்று கட்டி வாசல் நிலையில் மாட்டினேன்.

நாளைக்கு யாரும் வருவதாக இல்லை. போனை அணைத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

எழுதுவதற்கு இந்த ஒரு நாள் போதும்.

காலையில் முந்நூறு பேர் என் வாசலில். கூடக் குறைய இருக்கலாம், கூடத்தான் இருக்கும். தெரு கொள்ளவில்லை.

நான் பின்அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தேன். ஆகையால் முதலில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. முதலில் நடந்தது இது:

கோலம் போட வந்த வேலம்மை மைனி என் வாசலைப் பார்த்தாள். கோலப்பொடி டப்பா கீழே விழுந்தது. "ஏ கொழுந்து!" என்று ஒரு சத்தம் போட்டாள். முன்கதவு எப்போதும்போல் சும்மா சாத்தியிருந்தது. திறந்துகொண்டு கூடத்துக்கே வந்துவிட்டாள். பின்அறைக் கதவைத் தட்டினாள். உறங்குகிறவன் எப்படிப் பதில் சொல்வான்? அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ கொழுந்து! முந்தாநாத்து கூழு எடுத்துட்டு வாச வரைக்கும் வந்தேனே! இவன்ட்ட குடுக்கப் போனா உச்சி சாயுற வரைக்கும் விடமாட்டானேன்னு திரும்பிட்டேனே! பாவி நான், பாவி! ஒரு போணி கூழக் குடிக்காமப் போயிட்டியே!"

அடுத்து பரமார்த்தலிங்கம். பஜாருக்கு ஆள் அனுப்பி ரோஜா மாலை வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். கண்டக்டர் வேலை பார்த்த கை, எதையும் தாமதிக்காது.

"பொய்யாத்தாம்மா சொல்லுவாரு, நல்ல மனுசன்" என்றார். "பஸ்ல ஏறுனா ஸ்டாப்பிங் வாறதே தெரியாது. அப்படிப் பேச்சு. நாந்தான் இப்போ கொஞ்ச நாளா ஒதுங்கிப் போயிட்டேன். மூட்டுவலி. நிக்க முடியல."

"நிக்க முடியலன்னா உக்காந்து கேட்டிருக்க வேண்டியதுதான?" என்று மைனி அவர்மேல் பாய்ந்தாள்.

சொர்ணவேல் அண்ணாச்சி கடையிலிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்தான் எதையும் யோசிப்பவர்.

"ஆமா, ஒரு சந்தேகம்" என்றார். "வீட்டுல இவரு ஒத்தையில்லா. ரூம் கதவும் உள்ள தாப்பா. பொறவு தோரணத்தக் கட்டுனது யாரு?"

கூட்டம் யோசித்தது.

"அவரேதான் கட்டிருப்பாரு" என்றார் பரமார்த்தலிங்கம். "எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லுத ஆளுல்லா."

இதை ஒருவரும் மறுக்கவில்லை. மைனிகூட "ஆமா, அவன் செய்வான்" என்று மூக்கைச் சிந்தினாள். பரமார்த்தலிங்கம் குழலிக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார். பிறகு அண்ணாச்சி கடப்பாரை எடுத்துவர ஆள் அனுப்பினார். பின்அறைக் கதவு நல்ல தேக்கு. அத்தான் ஆசையாகப் போட்டது. மனம் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு விழிப்பு வந்தது. தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன கூட்டம்?" என்றேன்.

மைனி போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. பரமார்த்தலிங்கம் மாலையோடு ரெண்டடி பின்னால் போனார்.

"ஏவே! உசுரோடயா இருக்கீரு?"

"இருக்கப்பிடாதா?"

"பொறவு என்ன எழவுக்குவே இந்தத் தோரணம்? மூணு குருவி, தல கீழ! சாவு வீட்டுக்குக் கட்டுதத வாசல்ல கட்டிப்போட்டுட்டு, என்ன கூட்டம்ங்கீரு!"

"அப்படியா?" என்றேன். "விருந்தாளிகள வரவேற்கக் கட்டுனேன். எது மேல, எது கீழன்னு எனக்கு எங்க தெரியும்?"

"ஒமக்கா தெரியாது? மேகம் எங்க தண்ணி குடிக்குன்னே பாடம் எடுப்பீரே!"

"அதெல்லாம் தெரியும். இது மட்டும் தெரியாது."

மைனி எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "நாசமாப் போறவனே, சாவுறதுன்னா சொல்லிட்டுச் சாவு!" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி அழுதாள்.

அடுத்துத்தான் பெரிய சிக்கல். பரமார்த்தலிங்கம் ஆரம்பித்தார்: "சாவு வீட்டுத் துட்டிக்குன்னு கெளம்பி வந்தாச்சு. இப்போ குளிக்கணுமா, வேண்டாமா?"

"செத்தாத்தான குளிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

"அழுதாச்சுல்லா?"

"அழுததுக்கெல்லாம் குளிச்சா டீவி பாக்கவ தெனமும் குளிக்கணும்."

"குளிக்கணும்னாலும் குழாய்ல தண்ணி இல்ல" என்றாள் மைனி.

"அருவில?"

"அருவிலயே இல்லைங்கேன்!"

காலை மட்டும் கழுவினால் போதும் என்று தீர்ப்பானது. ஒரு வாளித் தண்ணீரில் அத்தனை பேரும் கால் கழுவினார்கள். இப்போது மாலை. கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டான், வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. "ஒமக்குன்னு வாங்குனது, நீரே போட்டுக்கிடும்" என்றார் பரமார்த்தலிங்கம். மைனி முறைத்தாள். கடைசியில் கூடத்தில் இருந்த அக்கா படத்துக்குப் போட்டோம். மாசிக்குப் பிறகு அந்தப் படத்துக்கு மாலை விழுவது இதுதான்.

யாரும் உடனே போகவில்லை. மைனி அடுக்களைக்குள் புகுந்து அக்காவின் சின்னப் போணியில் டீ போட்டாள். முந்நூறு பேருக்கும் அது சரியாக இருந்தது. மைனி கைராசி அப்படி. எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். மந்திரி தேங்காயை வாசித்து அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நான் ஒவ்வொன்றையும் விளக்கினேன். ஒருவரும் "சரிங்க" என்று எழுந்து போகவில்லை.

மைனி மட்டும் சுவரில் இருந்த பின்னலின் முன்னால் நின்றாள்.

"இது செண்பகத்தோட பச்சச் சுங்குடில்லா?"

"ஆமா மைனி. கால்மிதிக்குன்னு பின்னுனேன்."

அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையால் அதில் இருந்த தூசியைத் துடைத்தாள்.

மதியம் நெருங்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. கோயம்புத்தூர் வண்டி. காலையில்தான் புக்கிங் போட்டார்களாம். குழலி எனக்குச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள், என் போன் அணைந்திருந்தது. காரில் இருந்தவர்கள் தோரணத்தைப் பார்த்தார்கள், வாசலில் நாற்காலிகளைப் பார்த்தார்கள், வாளியைப் பார்த்தார்கள். மைனி ஓடிப்போய், "வாங்க, வாங்க! இறங்குங்க! யாரும் சாகல, அவரு நல்லாத்தான் இருக்காரு!" என்று உபசரித்தாள்.

கார் பின்பக்கமாகவே தெருமுனைவரை போனது. அவ்வளவு தூரம் ரிவர்ஸில் போன வண்டியை நான் பார்த்ததில்லை.

ஜூலை 21, திங்கள்

குழலி வந்துவிட்டாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று பரமார்த்தலிங்கம் அடுத்த போனிலேயே சொல்லியிருக்கிறார். அப்போது அவள் விமான நிலையத்துக்குள்கூட நுழையவில்லையாம். சொன்ன பிறகும் வந்தாள். இதைக் குறித்துவைக்கிறேன்.

உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள், தக்காளி வாங்குகிறவள் போல. அப்புறம் ஏச ஆரம்பித்தாள். அவள் அம்மாவுக்குக்கூட இப்படி ஏச வராது.

"கோயம்புத்தூர்க்காரங்க என்ன எழுதிருக்காங்க தெரியுமா? 'சாவு வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள்.' ஒத்த ஸ்டார். படம் புடிச்சுப் போட்டிருக்காங்க மாமா. தோரணம், நாற்காலி, எல்லாம். ஆப்புலேருந்து வீட்டத் தூக்கிட்டாங்க."

"நெனச்சேன்" என்றேன்.

"நெனச்சீங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே சிரித்துவிட்டாள். பிறகு அதுவும் நின்றது.

ஜூலை 23, புதன்

குழலி மூன்று வேளையும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிர்வீட்டிலிருந்து சாம்பார் வந்தது. பரமார்த்தலிங்கம் வந்து உட்கார்ந்தே கேட்டார்.

மாலையில் குழலி அட்டைகளை வாசித்துக்கொண்டே வந்தவள், திரும்பாமல் கேட்டாள்.

"தெரியாமத்தான கட்டுனீங்க மாமா?"

"தெரியாமத்தான் தாயி."

"அம்மாவுக்கு அன்னிக்குத் தோரணம் கட்டுனது யாரு?"

"பந்தல்காரன்."

"சரி" என்றாள். அடுத்த அட்டையை வாசித்தாள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. "இது கால்மிதி அல்ல" என்றுதான் இருந்தது. அதை ரொம்ப நேரம் வாசித்தாள்.

படுக்கப்போகும் முன் சொன்னாள். வீட்டை இனி வைத்திருக்க முடியாதாம். அவள் வீட்டுக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டுமே. தென்காசியில் ஒருவர் கேட்கிறாராம்.

"ஒங்கள இங்க ஒத்தையில விட்டது தப்பு மாமா. அன்னிக்கு நெசமாவே நடந்திருந்தா?"

"நடந்தா கூட்டம் வரும்லா" என்றேன். அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

ஜூலை 24, வியாழன்

குழலி ஊருக்குப் போனாள். தெருமுனைவரை போனேன். வழி முழுக்க அவள்தான் பேசினாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தினமும் யாராவது வருகிறார்கள். காலையில் மைனி. பதினொரு மணிக்குப் பரமார்த்தலிங்கம். கடையை அடைத்ததும் அண்ணாச்சி. "செத்துப் பொழச்ச ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே நுழைவதுதான் இப்போது தெருவில் வழக்கம். மைனி முறுக்கு மாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாரல் மறுபடி ஆரம்பித்துவிட்டது. அருவி கொட்டுகிறதாம். தெருவெல்லாம் வெளியூர்க் கார். என் வாசலில் எதுவும் நிற்கவில்லை.

தென்காசிக்காரர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். இடித்துக் கட்டுவாராம். அந்த அடுக்களைச் சுவரை இடிக்க நாலு ஆள் போதாது என்று எச்சரித்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பத்திரம் முடிந்தது. குழலி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு இன்றே திரும்பினாள். எனக்கு ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். பெட்டி ஒன்றுதான் கொண்டுவர வேண்டுமாம்.

"இப்போ போயித்தான் ஆகணுமா? இப்பத்தான ஒம்ம பேச்சு பழகிச்சு" என்றார் பரமார்த்தலிங்கம். மைனி முறுக்கைக் கருகவிட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

நாளை ஆவணி பிறக்கிறது. நாளைக்கே பயணம்.

சிரட்டை விளக்குகளை மைனி எடுத்துக்கொண்டாள். கரண்டிக் கொக்கி பரமார்த்தலிங்கம் வீட்டுக்கு. மந்திரி தேங்காய் அட்டையை மட்டும் அண்ணாச்சி கேட்டு வாங்கிப்போய்க் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். வருகிறவனிடமெல்லாம் அது உண்மை என்று சத்தியம் செய்கிறாராம். நான் மந்திரியோடு நிறுத்தினேன், அவர் முதலமைச்சராக்கிவிட்டார். சிலருக்கு அளவு தெரியாது.

பதினான்காவது மாடியில் எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று இப்போதே கணித்து எழுதிவைக்கிறேன். லிஃப்டில் ஏறுகிறவர்கள் இறங்கும்வரை எங்கும் போக முடியாதல்லவா?

ஒன்றே ஒன்று. தோரண விஷயம் எனக்குத் தெரியாது என்று அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். குழலியிடமும் சொன்னேன். இங்கேயும் அப்படியே எழுதியிருக்கிறேன். அது மட்டும் நானாகச் சேர்த்தது. நல்லதுக்கு நாலு குருவி, தலை மேலே. கெட்டதுக்கு மூன்று, தலை கீழே. மீசை முளைக்கும் முன்பிருந்தே கட்டுகிறேன். அக்காவுக்கும் நான்தான் கட்டினேன். அன்றைக்குத் தெருவே வந்து நின்றது. எனக்கு யார் வருவார்கள் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதை இருந்து பார்க்க வேறு வழி தெரியவில்லை.

மற்றதெல்லாம் அப்படியே நடந்தது, முந்நூறு பேர் உட்பட.